குவாங்ஜோவுக்குப் புதுசா வந்தவங்களுக்கு: தொண்டை வலிக்கு சீன வைத்தியம் பாக்குறது எப்படி

நான் குவாங்ஜோ வந்து மூணாவது வாரமே தொண்டை கட்டிக்கிச்சு. எச்சில் முழுங்கினாலே முள்ளு குத்துற மாதிரி வலி. பாஷை தெரியாது, யார கேக்குறதுன்னு தெரியாது, பக்கத்து மருந்துக் கடைக்குப் போய் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன், அவங்க மூணு பெட்டி எடுத்துக் கொடுத்தாங்க. எல்லாத்துலயும் பூவும் வேரும் படம் போட்டிருந்துச்சு, மூலிகை தானேன்னு மூணையும் சாப்பிட்டேன், கூடவே ஊர்லருந்து கொண்டு வந்த ஜலதோஷ மாத்திரையும் போட்டேன். ரெண்டு நாள் எழுந்து நடக்க முடியாத அளவுக்குத் தூக்கம், தலை சுத்தல். ஏன்னு பின்னாடி தான் தெரிஞ்சுது, அதை 2-வது படியில சொல்றேன். அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போய் அங்கயும் ஒரு காலைப் பொழுது முழுக்க வீணாப் போச்சு. இப்ப ஒன்றரை வருஷத்துல மூணு தடவை தொண்டைக்காகவே போய்ட்டு வந்துட்டேன், இங்க படிக்க வந்த நம்ம பசங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிருக்கேன். அதுல கத்துக்கிட்டத எல்லாம் வரிசையா எழுதுறேன்.

நான் டாக்டர் இல்ல. மருந்து பத்தி எழுதினதெல்லாம் நீங்க என்ன கேக்கணும்னு தெரிஞ்சுக்கத் தான், நீங்களே எடுத்துப் போட்டுக்கறதுக்கு இல்ல.

1. போகலாமா, போகவே கூடாதான்னு முதல்ல பாருங்க

பெரும்பாலான தொண்டை வலி வைரஸால வர்றது. மூக்கு ஒழுகும், இருமல் இருக்கும், குரல் கம்மும், ஒரு வாரத்துல தானாவே அடங்கும். இதுக்கு சீன வைத்தியம் நல்லாவே இதமா இருக்கும், நான் அதுக்குத் தான் போறேன்.

ஆனா ஸ்ட்ரெப்னு ஒரு பாக்டீரியா இருக்கு, அது வேற கதை. திடீர்னு வலி, 38 டிகிரிக்கு மேல காய்ச்சல், இருமல் இல்ல, டான்சில்ல வெள்ளையா படிஞ்சிருக்கும், தாடைக்குக் கீழ கழுத்து முன்பக்கம் நெறி கட்டித் தொட்டா வலிக்கும். இதெல்லாம் சேர்ந்து இருந்தா மூலிகையை மட்டும் நம்பி உக்காராதீங்க, ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். அஞ்சு வயசுலருந்து பதினஞ்சு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்கு இது அதிகமா வரும். சரியா வைத்தியம் பாக்காம விட்டா ருமேட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு வரைக்கும் கெட்டுப் போகலாம். எங்க சித்திக்குச் சின்ன வயசுல அடிக்கடி தொண்டை புண்ணு வரும், வீட்ல கசாயம் வெச்சுக் கொடுத்தே ஓட்டிட்டாங்க, நாப்பது வயசுல வால்வு மாத்துற ஆபரேஷன்ல வந்து நின்னுச்சு. அதனால தான் இந்தப் படியை முதல்ல வெச்சிருக்கேன். நல்ல விஷயம் என்னன்னா வலி ஆரம்பிச்சு 9 நாளுக்குள்ள ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சாலே அந்த ருமேட்டிக் காய்ச்சலைத் தடுத்துடலாம், அதனால பதட்டம் வேண்டாம், ஆனா தள்ளிப் போடவும் வேண்டாம்.

கீழ சொல்றதுல ஒண்ணு இருந்தாலும் மூலிகை, டோக்கன், வரிசை எதுவும் வேண்டாம், நேரா எமர்ஜென்சி. அதுக்கு இங்க ஜிஜென்னு பேரு, 24 மணி நேரமும் இருக்கும், ஆம்புலன்ஸ் நம்பர் 120. மூச்சு விட கஷ்டம், எச்சிலைக் கூட முழுங்க முடியாம வாயிலருந்து வடியுறது, வாய் திறக்க முடியல, பேச்சு வாய்க்குள்ள ஏதோ வெச்சுட்டுப் பேசுற மாதிரி ஆயிடுச்சு, ஒரு பக்கம் மட்டும் வீங்கியிருக்கு.

டிகிரி பத்தி ஒரு வார்த்தை. இங்க எல்லாம் செல்சியஸ் தான். நம்ம நூறு டிகிரின்னு சொன்னா நர்ஸ் முழிப்பாங்க. 100.4 தான் இவங்க 38, 101.3 தான் 38.5.

2. மருந்துக் கடைல எதை வாங்கினாலும் பெட்டியோட பின்பக்கத்தைப் படிங்க

பெட்டியில மூலிகை படம் இருக்குங்கிறதுக்காக உள்ள மூலிகை மட்டும் தான் இருக்குன்னு அர்த்தம் இல்ல. நான் மாட்டிக்கிட்டதே இதுல தான். கான்மாவ்லிங்னு ஒரு கரைச்சுக் குடிக்கிற பொடி இருக்கு, எல்லாக் கடையிலயும் முன்னாடியே அடுக்கியிருப்பாங்க, அதுல மூலிகையோட சேர்த்து பாராசிட்டமால், தூக்கம் வர வைக்கிற குளோர்பெனிரமின், கொஞ்சம் காஃபீன் மூணும் இருக்கு. பிரபலமான பிராண்டுல ஒரு பாக்கெட்டுக்கு பாராசிட்டமால் 200 மில்லிகிராம், குளோர்பெனிரமின் 4 மில்லிகிராம். அதே மாதிரி வைட்டமின் சி சேர்த்த யின்ச்சியாவ் மாத்திரை, அதுலயும் இந்த ரெண்டும் உண்டு. நான் இந்த ரெண்டையும் சாப்பிட்டு அதுக்கு மேல ஊர் ஜலதோஷ மாத்திரையும் போட்டேன், அதுலயும் அதே குளோர்பெனிரமின், மூணு இடத்துலருந்து ஒரே தூக்க மருந்து உள்ள போனா என்ன ஆகும். கூட டோலோ (அதுவும் பாராசிட்டமால் தான்) வேற போட்டுட்டே இருந்திருந்தா ஈரலுக்கு எவ்ளோ ஆபத்து ஆகியிருக்கும்னு நெனச்சா இப்பவும் பயமா இருக்கு.

அதனால பெட்டியை போன்ல போட்டோ மொழிபெயர்ப்பு வெச்சுப் பாருங்க, சேர்மானம்ங்கிற வரியை மட்டும் பாத்தா போதும். பாராசிட்டமாலை சில ஆப் அசிட்டமினோஃபென்னு காட்டும், ரெண்டும் ஒண்ணு தான், இது தெரியாம வேற மருந்துன்னு விட்டுடாதீங்க.

பெட்டி மேல அரசாங்க அனுமதி நம்பர் ஒண்ணு இருக்கும். அதுல இசட் எழுத்து வந்தா சீன மருந்து, எச் வந்தா இங்கிலீஷ் மருந்து. இதை நண்பர் ஒருத்தர் சொல்லிக் கொடுத்தார், நானும் அதையே நம்பிட்டு இருந்தேன், ஆனா மேல சொன்ன கலப்பு மருந்து எல்லாத்துக்கும் இசட் எழுத்து தான் இருக்கு. எழுத்தை மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க. டாக்டர் சீட்டு இல்லாம வாங்குற மருந்துல ஓடிசின்னு முத்திரை இருக்கும், சிவப்பு, பச்சைன்னு ரெண்டு கலர். ரெண்டுல பச்சை கொஞ்சம் பாதுகாப்பானது, சிவப்புன்னா கடையில இருக்கிற மருந்தாளுநர் கிட்ட கேட்டுட்டு வாங்குங்க.

இன்னும் ரெண்டு மூணு மருந்து பேர் சொல்றேன், கடைக்காரங்க தொண்டைன்னதும் எடுத்து நீட்டுவாங்க. நியுஹுவாங் ஜியேது மாத்திரை, லியுஷென் வான்னு கடுகு மாதிரி குட்டி உருண்டை. ரெண்டுலயும் ஷியுங்ஹுவாங்னு ஒண்ணு சேரும், அது ஆர்செனிக் கலந்த தாது, நம்ம சித்த வைத்தியத்துல மனோசிலைன்னு சொல்றது தான். லியுஷென் வான்ல தேரை விஷமும் உண்டு. கர்ப்பமா இருக்கறவங்க இந்த ரெண்டு பக்கமும் போகவே கூடாது, மத்தவங்களும் டாக்டர் சொல்லாம, சொன்ன நாளுக்கு மேல சாப்பிடக் கூடாது. ஷான்தோகென்னு ஒரு வேர் உண்டு, தொண்டைக்குப் பேர் போனது, ஆனா நச்சு உள்ளது, 3-லருந்து 6 கிராம் தான் அளவு. இதைத் தனியா சந்தையில வாங்கி நம்ம ஊர் கசாயம் மாதிரி கைப்பிடி அள்ளிப் போட்டுக் காய்ச்சிடாதீங்க. இங்க சிங்பிங் மூலிகைச் சந்தைக்குப் போனா எல்லாம் மூட்டை மூட்டையா கண்ணு முன்னாடி இருக்கும், வாங்கணும்னு ஆசையா தான் இருக்கும். சுத்திப் பாருங்க, வாங்குறது டாக்டர் சீட்டோட மட்டும்.

சாதாரணமா இதமா இருக்கிறதுன்னா ஷீகுவா ஷுவாங், தர்பூசணில செய்யுற பொடி, மாத்திரையாவும் சப்பலாம். பிபாகாவ்னு தேன் மாதிரி சிரப், இருமலோட வர்ற தொண்டைக்கு நல்லது, ஆனா அதுல தேனும் சர்க்கரையும் நிறைய, சுகர் இருக்கறவங்க விட்டுடுங்க, ஒரு வயசு ஆகாத குழந்தைக்குத் தேன் சேர்ந்த எதையும் கொடுக்காதீங்க.

3. கையில எடுத்து வைக்க வேண்டியது

பாஸ்போர்ட் ஒரிஜினல். ஜெராக்ஸ் இல்ல, போன்ல போட்டோ இல்ல, ஒரிஜினல். முதல் தடவை பேர் பதியும்போது இது இல்லாம நடக்காது. நான் முதல் நாள் ஹாஸ்டல்லயே வெச்சுட்டுப் போய் திரும்பி வந்து எடுத்துட்டுப் போறதுக்குள்ள மதிய இடைவேளை வந்துருச்சு.

சீன போன் நம்பர், மெசேஜ் வரும்.

போன்ல பணம் கட்ட அலிபே இல்லன்னா வீசாட் பே, முன்னாடியே வேலை செய்யுதான்னு ஒரு தண்ணி பாட்டில் வாங்கிப் பாத்துக்குங்க. நம்ம ஊர் வீசா, மாஸ்டர் கார்டை இதுல இணைக்கலாம், சில பேங்க் கார்டு முதல் தடவை மறுக்கும், அதுக்கு பேங்க்ல வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் பண்ணி வெச்சிருக்கணும். வரிசைல நிக்கும்போது இதோட மல்லுக்கட்டாதீங்க. பணமாவும் ஒரு 500 யுவான் வெச்சுக்குங்க, மெஷின்ல செல்லாட்டியும் ஆள் இருக்கிற கவுண்டர்ல வாங்குவாங்க.

அப்புறம் ஒரு துண்டுச் சீட்டு, இது ரொம்ப முக்கியம். உங்க பேர் பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே, வயசு, எத்தன நாளா வலி, எத்தன டிகிரி காய்ச்சல், என்ன மருந்து சாப்பிட்டீங்க, எந்த மருந்து ஒத்துக்காது, பிரஷர் சுகர் இருக்கா, கர்ப்பமா. இத்தனையும் வீட்லயே உக்காந்து சீனத்துல மொழிபெயர்த்து போன்ல சேமிச்சு வெச்சுட்டுப் போங்க. டாக்டர் ரூம்ல உங்களுக்குக் கிடைக்கிறது அஞ்சு நிமிஷம். சாப்பிட்ட மருந்துப் பெட்டியையும் தூக்கிட்டுப் போங்க.

ஜி6பிடி குறைபாடு (சில மருந்து, சாப்பாடு பட்டா ரத்தச் சிவப்பணு உடையுற பரம்பரைக் குறைபாடு) இருந்தா கண்டிப்பா அந்தச் சீட்டுல எழுதுங்க. குவாங்டாங் மாகாணத்துல இது ரொம்ப சாதாரணம், ட்சான்தோ பிங்னு சொல்வாங்க, டாக்டருங்க தாங்களாவே கேப்பாங்க, ஹுவாங்லியன் மாதிரி சில மூலிகையை இவங்களுக்குத் தர மாட்டாங்க.

4. எங்க போறது, எப்பப் போறது

தெருவுல இருக்கிற தனியார் கிளினிக்குக்கு முதல் தடவை போகாதீங்க, பெரிய அரசு சீன மருத்துவ ஆஸ்பத்திரிக்குப் போங்க. காரணம், வெளிய பலகைல சீன வைத்தியம்னு இருந்தாலும் உள்ள ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஆன்டிபயாடிக் எல்லாம் ஒரே கட்டடத்துல இருக்கு. நாடி பாக்குற அதே டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கும் எழுதித் தருவார். நம்ம ஊர்ல சித்தா ஒரு பக்கம், அலோபதி ஒரு பக்கம்னு அலையுறோம் பாருங்க, இங்க அந்த அலைச்சல் இல்ல. ஸ்ட்ரெப்பா இல்லையாங்கிற சந்தேகமும் அங்கயே தீர்ந்துடும். குவாங்ஜோல தாதெ ரோட்ல குவாங்டாங் மாகாண சீன மருத்துவ ஆஸ்பத்திரி இருக்கு, பல்கலைக்கழக நகரத்துலயும் அதோட கிளை இருக்கு, படிக்க வந்த பசங்களுக்கு அது பக்கம். பையுன் பக்கம் இருக்கறவங்களுக்கு விமான நிலைய ரோட்ல குவாங்ஜோ சீன மருத்துவப் பல்கலைக்கழகத்தோட முதல் ஆஸ்பத்திரி.

பிரிவு பேர் அர்-பி-ஹோ கே, காது மூக்கு தொண்டை. ஆனா உடம்பு 37.3 டிகிரிக்கு மேல இருந்தா பெரும்பாலும் உங்கள அங்க விட மாட்டாங்க, ஃபாரெ மென்ஜென்னு காய்ச்சலுக்குத் தனி வாசல் இருக்கும், அங்க அனுப்புவாங்க. மாத்திரை போட்டுக் காய்ச்சலைக் குறைச்சுட்டு உள்ள போகலாம்னு சிலர் யோசனை சொல்வாங்க, செய்யாதீங்க, டாக்டருக்குக் காய்ச்சல் இல்லாத ஆளாத் தெரிவீங்க, ஸ்ட்ரெப்பைக் கோட்டை விட அதுவே போதும்.

நேரம்: காலைல 8 மணிக்குத் திறப்பாங்க, 12 மணிக்கு மூடினா மதியம் ரெண்டு, ரெண்டரைக்கு தான் மறுபடி. திங்கக்கிழமை காலை நிக்க இடம் இருக்காது. எனக்கு ஒத்து வந்தது புதன், வியாழன் மதியம். ஆனா ரத்தப் பரிசோதனை முடிவு வந்து மறுபடி டாக்டரைப் பாக்கணும், அதனால மதியம் நாலு மணிக்கு மேல போகாதீங்க.

5. பதிவு, டோக்கன், வருகை

இதுல மூணு வேலை இருக்கு, மூணும் வேற வேற. முதல்ல பேர் பதியணும், பாஸ்போர்ட் காட்டி ஒரு தடவை செஞ்சா போதும், கார்டோ க்யூஆர் கோடோ தருவாங்க. ரெண்டாவது குவாஹாவ், அன்னைக்கு எந்த டாக்டர்னு டோக்கன் எடுக்கிறது. மூணாவது, அந்தப் பிரிவு இருக்கிற மாடிக்குப் போய் அங்க இருக்கிற சின்ன மெஷின்லயோ நர்ஸ் மேசைலயோ வந்துட்டேன்னு பதிவு பண்றது. இதுக்கு பாவ்தாவ்னு பேரு. இதை நான் செய்யல, எனக்குத் தெரியவே தெரியாது, டோக்கன் கையில இருக்குன்னு நாற்காலில ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தேன், எனக்கு அப்புறம் வந்தவங்க எல்லாம் போய்ட்டே இருக்காங்க. நீங்க அந்தத் தப்பு பண்ணாதீங்க, மாடிக்குப் போனதும் முதல் வேலை பாவ்தாவ்.

டோக்கனை வீசாட்ல ஆஸ்பத்திரியோட பக்கத்துலயே எடுக்கலாம். அடையாள அட்டை வகைங்கிற இடத்துல பாஸ்போர்ட்டைத் தேர்ந்தெடுக்கணும். சில ஆஸ்பத்திரி ஆப் பாஸ்போர்ட் நம்பரை ஏத்துக்காது, அப்ப ஆள் உக்காந்திருக்கிற கவுண்டர் தான், ரென்கோங் சுவாங்கோன்னு கேளுங்க.

பேர் விஷயத்துல கவனம். நம்மள்ல பாதிப் பேருக்கு அப்பா பேர் முன்னாடி ஒரு ஆவணத்துல, பின்னாடி ஒரு ஆவணத்துல. கவுண்டர்ல எப்படி டைப் பண்ணாங்கன்னு திரையில எட்டிப் பாருங்க, இடைவெளி உட்பட பாஸ்போர்ட் மாதிரியே இருக்கணும், இல்லன்னா அடுத்த தடவை உங்க பதிவையே கண்டுபிடிக்க மாட்டாங்க, இன்சூரன்ஸ்லயும் இடிக்கும். கூப்பிடுறதும் உங்களுக்குப் புரியாது, நம்ம பேர அவங்களால சொல்ல முடியாது, அதனால திரையில டோக்கன் நம்பரையே பாத்துட்டு இருங்க.

6. டாக்டர் ரூம்ல

அன்னைக்குக் காலைல பல்லு விளக்குங்க, ஆனா நாக்கு வழிக்காதீங்க. நமக்கு நாக்கு வழிக்காம நாள் ஆரம்பிக்காது, ஆனா இவங்க நாக்குல படிஞ்சிருக்கிற மாவு என்ன நிறம், எவ்ளோ தடிப்புன்னு பாத்துத் தான் மருந்து எழுதுவாங்க. காபி, மஞ்சள் போட்ட குழம்பு, கலர் மிட்டாய் எதுவும் வேண்டாம், நாக்கு மஞ்சளா தெரிஞ்சா உடம்புல சூடுன்னு எடுத்துப்பாங்க. ரெண்டு மாடி ஏறி மூச்சு வாங்க வாங்க நாடியை நீட்டாதீங்க, கொஞ்சம் உக்காந்துட்டுப் போங்க.

அவங்க பாக்குற முறை நமக்கு அந்நியமா இருக்காது. ஷாங்ஹுவோன்னா உடம்பு சூடு ஏறிடுச்சுன்னு அர்த்தம், எங்க பாட்டி சொல்றதே தான். தொண்டை வலியில முக்கியமா ரெண்டு வகை பிரிப்பாங்க. ஃபெங்ரே, அதாவது காத்தும் சூடும்: தொண்டை செக்கச் செவேல்னு இருக்கும், தாகம், நாக்கு நுனி சிவப்பு, மஞ்சள் படிவு. ஃபெங்ஹான், காத்தும் குளிரும்: குளிர் நடுக்கம், மூக்குல தண்ணி மாதிரி ஒழுகுறது, தொண்டை அவ்வளவா சிவக்காது. மருந்து ரெண்டுக்கும் நேர் எதிர். தெருவுக்குத் தெரு லியாங்சா கடை இருக்கு பாருங்க, கருப்பா கசப்பா கப்புல ஊத்தித் தர்றது, அது சூட்டைத் தணிக்கிறது. குளிர்ல வந்த தொண்டைக்கு அதைக் குடிச்சா இன்னும் மோசமாகும்னு சொல்வாங்க, வெறும் வயித்துல குடிச்சா எனக்கு வயித்தாலயும் போச்சு. நாள்பட்ட வறட்டுத் தொண்டைக்கு மூணாவதா ஒரு வகை உண்டு, யின் குறைவுன்னு சொல்வாங்க, அதாவது உடம்போட குளிர்ச்சியும் ஈரமும் குறைஞ்சு போறது, வாத்தியார் வேலை பாக்குறவங்களுக்கு அடிக்கடி வரும், அதுக்கு வேற மருந்து.

டாக்டர் நாடி பாத்து முடிச்சதும் நீங்க கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, அவர் சொல்லலன்னாலும் கேளுங்க. ரத்தப் பரிசோதனை, ஷியே சாங்குய். கூட சிஆர்பி, உடம்புல அழற்சி எவ்ளோன்னு காட்டுற ரத்தப் பரிசோதனை. காய்ச்சலும் டான்சில்ல வெள்ளையும் இருந்தா ஸ்ட்ரெப்பான்னு தொண்டைல பஞ்சு வெச்சு எடுத்துப் பாக்க முடியுமான்னும் கேளுங்க. ரத்தம் கொடுத்து எனக்கு அரை மணி நேரத்துல முடிவு வந்துருச்சு, போன்லயே காட்டும், அதை எடுத்துட்டு அதே டாக்டர் கிட்ட போகணும், மறுபடி டோக்கன் வேண்டாம். இரண்டாவது தடவை எனக்குப் பாக்டீரியான்னு வந்தப்ப அந்த டாக்டரே அமாக்ஸிசிலினும் எழுதினார், கூட வலி தணிய மூலிகையும் எழுதினார். பென்சிலின் வகை மருந்துக்கு முன்னாடி தோல்ல ஊசி குத்தி ஒத்துக்குதான்னு பாப்பாங்க, பிஷின்னு சொல்வாங்க, அதுக்கு இருபது நிமிஷம் உக்கார வைப்பாங்க, எழுந்து போயிடாதீங்க. ஆன்டிபயாடிக் கொடுத்தா ரெண்டு நாள்ல வலி போனாலும் டாக்டர் சொன்ன நாள் முழுக்க முடிக்கணும், ஸ்ட்ரெப்புக்கு வழக்கமா 10 நாள்.

சில டாக்டர் கட்டைவிரல் நகத்து ஓரத்துல ஊசியால லேசா குத்தி ரெண்டு மூணு சொட்டு ரத்தம் எடுப்பாங்க, ஷாவ்ஷாங்னு அந்த இடத்துக்குப் பேரு, தொண்டைக்குன்னே உள்ள புள்ளி. பயப்படாதீங்க, சுருக்குன்னு எறும்பு கடி மாதிரி தான். ஆனா ஊசி புது கவர்லருந்து உங்க கண்ணு முன்னாடி பிரிக்கணும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க வேண்டாம்னு சொல்லிடுங்க, வேண்டாம்னு சொல்ல புயாவ்ன்னா போதும்.

7. மருந்து வாங்குறது

இங்க ஒவ்வொண்ணுக்கும் முன்கூட்டியே பணம் கட்டணும், ரத்தம் எடுக்கும் முன்னாடி, மருந்து வாங்கும் முன்னாடி. சீட்டை மட்டும் எடுத்துட்டுப் போய் மருந்து கவுண்டர்ல நின்னா திருப்பி அனுப்புவாங்க. சீட்டு அன்னைக்கு மட்டும் தான் செல்லும், நாளைக்கு வாங்கிக்கலாம்னு வீட்டுக்குப் போயிடாதீங்க.

மூலிகை மூணு விதமா கிடைக்கும். காய்ஞ்ச மூலிகையா, நாள் கணக்குக்குப் பொட்டலம் பொட்டலமா. இல்லன்னா ஆஸ்பத்திரியே காய்ச்சி பால் பாக்கெட் மாதிரி அடைச்சுத் தர்றது, தாய்ஜியன்னு சொல்லணும், வீட்டுக்கே கூரியர்ல வரும், ஆனா மறுநாள் ஆகும். மூணாவது வெந்நீர்ல கரைக்கிற பொடி, கெலி. ஹாஸ்டல்ல அடுப்பு இல்லாதவங்க பொடியைக் கேட்டு வாங்குங்க, விலை கூட, ஆனா அன்னைக்கே ஆரம்பிச்சுடலாம்.

டாக்டர் 7 நாளுக்கு எழுத வந்தா புதுசா வந்த தொண்டை வலிக்கு 3 நாள் போதுமான்னு கேளுங்க, சான் ஃபு. மூணு நாள்ல நிலைமை மாறிடும், மிச்சம் குப்பைக்கு தான் போகும். ஒரு தடவை எனக்கு ஏழு கொடுத்து நாலு அப்படியே கிடந்துச்சு.

சீட்டுல என்ன இருக்கும்னா வழக்கமா ஜின்யின்ஹுவா பூ, லியன்ச்சியாவ் காய், பான்லான்கென் வேர், ஜியேகெங், புதினா வகையைச் சேர்ந்த போஹ, கான்ட்சாவ். இந்தக் கான்ட்சாவ் வேற எதுவும் இல்ல, நம்ம அதிமதுரத்தோட இனம் தான், வாயில போட்டதும் ஊர் ஞாபகம் வந்துடும். பிரஷர் மாத்திரை சாப்பிடறவங்க, குறிப்பா நீர் பிரிக்கிற மாத்திரை, டாக்டர் கிட்ட இதைச் சொல்லணும், அதிமதுரம் தொடர்ந்து சாப்பிட்டா பிரஷர் ஏறும், பொட்டாசியம் குறையும்.

8. வீட்ல காய்ச்சுறது

மண் சட்டி, கண்ணாடி, எவர்சில்வர் எதுனாலும் சரி, அலுமினியமும் இரும்பும் வேண்டாம். மூலிகைக்கு மேல ரெண்டு விரல் தண்ணி ஊத்தி அரை மணி நேரம் ஊற வைங்க, ஊத்துன தண்ணியைக் கொட்டாம அதுலயே காய்ச்சணும். கொதி வந்ததும் தீயைக் குறைச்சு 15, 20 நிமிஷம். நம்ம கசாயம் மாதிரி எட்டுக்கு ஒண்ணா சுண்ட வைக்கக் கூடாது, பூவும் இலையும் வாசனை போயிடும். போஹ மட்டும் தனிக் கவர்ல ஹோஷியான்னு எழுதி இருக்கும், கடைசி அஞ்சு நிமிஷத்துல போடணும். வடிகட்டிட்டு மறுபடி தண்ணி ஊத்தி இன்னொரு தடவை காய்ச்சி, ரெண்டையும் கலந்து காலை பாதி, ராத்திரி பாதி, சாப்பிட்டு அரை மணி கழிச்சு வெதுவெதுப்பா. இங்கிலீஷ் மாத்திரையும் இருந்தா நான் ஒரு மணி நேர இடைவெளி விடுவேன்.

அந்த மூணு நாளும் பொரிச்சது, காரம், சாராயம், லிச்சி, துரியன் வேண்டாம்னு சொல்வாங்க. உப்புத் தண்ணி கொப்புளிக்கிறதை இவங்களும் சொல்றாங்க, விடாம செய்யுங்க.

9. செலவு, பில்

எனக்கு ஆனது இது: டோக்கன் 20 யுவானுக்குப் பக்கம், பெரிய டாக்டர் வேணும்னா அதுக்கு மேல பல மடங்கு ஏறும், தொண்டைக்கு அது தேவையே இல்ல. ரத்தப் பரிசோதனை ரெண்டும் சேர்ந்து 50 யுவானுக்குள்ள. மூணு நாள் மூலிகை 90 யுவான் சொச்சம். ஆக மொத்தம் 170 யுவான் கிட்ட. உங்களுக்குக் கூடக் குறைய ஆகலாம், 300 யுவான் இருந்தா தைரியமா போகலாம்.

படிக்க வந்தவங்க வருஷத்துக்கு 800 யுவான் கட்டி ஒரு இன்சூரன்ஸ் எடுத்திருப்பீங்க. அதுல பணம் கேக்கணும்னா அரசு ஆஸ்பத்திரியா இருக்கணும், குறிப்பிட்ட தொகை வரைக்கும் நீங்களே தான் கட்டணும், ஒரு தொண்டை வலிக்கு அந்த அளவு வராது. ஆனாலும் பில்லை எல்லாம் சேர்த்து வைங்க, ஒரே வியாதிக்கு மறுபடி மறுபடி போக வேண்டி வந்தா உதவும். நாலு காகிதம்: ஃபாபியாவ்னு சொல்ற அரசு ரசீது, செலவு விவரப் பட்டியல், பிங்லின்னு டாக்டர் எழுதின குறிப்பு, பரிசோதனை முடிவு. ரசீது தானா கைக்கு வராது, மெஷின்லயோ போன்லயோ நீங்க தான் எடுக்கணும். காலேஜுக்கோ ஆபீசுக்கோ லீவுக்குக் கொடுக்க பிங்ஜியாதியாவ் வேணும்னா டாக்டர் ரூமை விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே கேளுங்க, அப்புறம் முத்திரை குத்துற கவுண்டருக்குப் போகணும், முத்திரை இல்லன்னா செல்லாது. நம்ம பையன் ஒருத்தன் முத்திரை இல்லாம கொண்டு போய் ரெண்டு நாள் வருகை போச்சு.

10. எத்தன நாள் பாக்குறது

மூலிகை ஆரம்பிச்சு ரெண்டாவது நாள் முழுங்குறது கொஞ்சம் லேசாகணும். மூணு நாள் முடிஞ்சும் காய்ச்சல் 38.5-க்குக் குறையல, வலி கூடுது, உடம்புல சிவப்பா தடிப்பு வருதுன்னா அதே மருந்தை இன்னொரு மூணு நாள் வாங்காதீங்க, திரும்பப் போய் மறுபடி பரிசோதனை கேளுங்க. மருந்து சாப்பிட்டதும் அரிப்பு, உதடு வீக்கம், மூச்சு இழுக்குதுன்னா உடனே நிறுத்திட்டு எமர்ஜென்சி. வலி இல்லாம குரல் மட்டும் மூணு வாரமா கம்மியே இருந்தா கசாயத்தால ஓட்டாதீங்க, கேமரா விட்டுப் பாக்கச் சொல்லுங்க.

திரும்பப் போகும்போது பழைய சீட்டு, பரிசோதனை முடிவு, மிச்சம் இருக்கிற மருந்து மூணையும் ஒரே கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க. முடிஞ்சா அதே டாக்டர் பேர்ல டோக்கன் எடுங்க, உங்க முந்தின நாக்கும் நாடியும் அவர் குறிச்சு வெச்சிருப்பார். ஊருக்குப் போகும்போதும் அந்தச் சீட்டை போட்டோ எடுத்து வைங்க, அங்க டாக்டர் என்ன சாப்பிட்டேன்னு கேட்டா காட்டலாம்.